இடது காதில் ஒரு வெட்டு

“மடுத் திருநாள் முடிந்து வந்த முதற் புதன். சோளகக் காற்று பலம். நாய்க் கருத்தடை முகாம், பள்ளிமுனை. திருப்பி அனுப்பினார்கள். காரணம்: காது.”

அன்றைய என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. பக்கத்தின் மிச்சம் வெறுமை. அன்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எழுதும்போது கோபம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

நாய் என்னுடையதல்ல. பக்கத்து வளவுக்காரருடையது. அவர் கடற்தொழில் செய்கிறார், ஆடுகளும் வளர்க்கிறார். என்னைவிட இளையவர், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். சிறு வயதில் இந்தியாவுக்குப் போய், மண்டபம் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணமும் முடித்துத் திரும்பி வந்தவர். அவருக்கும் எனக்கும் இடையில் ஒரு கிடுகு வேலி. வேலியின் அடியில் நாய் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. காலையில் அந்த நாய் கரையில் நின்று அவருடைய வள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், மத்தியானத்தில் என் குசினி வாசலில் கிடக்கும். செம்மண் நிறம். பெயர் வைக்கவில்லை. நாக்கைச் சொடக்கினால் வரும்.

குட்டியாக இருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் அதன் இடுப்பில் ஏறியது. எலும்பு தானாகவே பொருந்தியது, ஆனால் கோணலாகப் பொருந்தியது. ஓடுவதில் குறையில்லை. குட்டி போடுவதில்தான் தெரிந்தது. முதல் ஈற்று எப்படியோ கழிந்தது. இரண்டாவதில் ஒரு குட்டி பாதி வழியில் இறுகி நின்றுவிட்டது. மிருக வைத்தியர் வந்து செத்த குட்டியை இழுத்தெடுத்தார். கையைக் கழுவிக்கொண்டே எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்:

“இதின்ர இடுப்புக்குள்ளால இனிக் குட்டி வராது. இன்னொருக்கா சினைப்பட்டா நாய் தப்பாது. நடமாடும் குழு வரேக்க கொண்டுபோய்க் கருத்தடை செய்விச்சிடுங்கோ.”

தம்பியும் கேட்டார். அவருடைய மனைவியும் கேட்டார். நானும் கேட்டேன். ஆகவே தெரியாமல் நடந்தது என்று பிறகு எவரும் சொல்ல முடியாது. இதை முதலில் பதிந்துவைக்கிறேன்.

அந்த இரண்டு ஈற்றிலும் பிழைத்த குட்டிகளுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குட்டி கேட்டு வருகிறவர்கள் படலையில் நின்றே கேட்பார்கள்: “ஆணோ, பெட்டையோ?” ஆண் என்றால் உள்ளே வருவார்கள். பெட்டை என்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவார்கள். எங்கள் பகுதியில் ஆண் குட்டி ஒரு கிழமை தங்காது. பெட்டைக் குட்டிகளை உரப்பையில் போட்டுச் சேமக்காலை மதிலோரம் விட்டுவிடுவார்கள். கல்லறைக்கு வருகிறவர்கள் யாராவது இரங்கி எடுத்துப்போவார்கள் என்பது கணக்கு. எடுத்துப்போனவரை நான் கண்டதில்லை. தம்பியின் மனைவிதான் அந்தப் பையைச் சுமந்து போனவர். போய்வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு, நாய்க்குக் கருத்தடை செய்யலாமே என்று எவரிடம் கேட்டாலும் வரும் பதில் ஒரே சொல்: “பாவம்.”

நம் மொழியில் இந்தச் சொல் செய்யும் அநியாயத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கடவுளுக்கு முன் குற்றம் என்பதும் அதே சொல், ஐயோ இரங்கத்தக்கது என்பதும் அதே சொல். ஆகவே ஒருவர் எதையும் செய்யாமல் கதிரையில் இருந்தபடி அந்த ஒரு சொல்லைச் சொன்னால் பக்தியும் இரக்கமும் ஒன்றாகக் கிடைத்துவிடும். வயிற்றை வெட்டுவது பாவம். உரப்பைக்குள் கிடக்கும் குட்டிகளும் பாவம். நடுவில் பையின் வாயைக் கட்டிய கை யாருடையது என்று அந்தச் சொல் கேட்பதே இல்லை.

ஆவணியில் ஒரு ஓட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வந்தது. பள்ளிமுனைப் பொதுமண்டபத்தில் நாய் பூனைகளுக்கான கருத்தடை முகாம், முதல்நாள் இரவிலிருந்து சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்று அறிவித்துக்கொண்டு போனது. தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“அக்கா, நாய்க்கும் முகாம் போட்டிட்டாங்களோ? எங்களுக்குப் போட்டது காணாதெண்டு.”

“ஒரு நாள் முகாம்தான் தம்பி. பின்னேரம் வீட்டுக்கு வந்திடும்.”

“எங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னவங்கள்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி, “நீங்கள் வராட்டி நானும் அக்காவும் கொண்டுபோறம். இனி அந்தப் பையை நான் தூக்கேலாது. நீங்கள் தூக்குவியளோ?” என்று கேட்டார். தம்பி தானும் வருவதாகச் சொன்னார்.

புதன்கிழமை காலை மண்டபத்து வாசலில் நல்ல கூட்டம். தலையணை உறைக்குள் பூனைகள், நைலோன் கயிற்றில் நாய்கள். பெரும்பாலும் பெண்கள் கொண்டுவந்த பெட்டை நாய்கள். எங்களுக்கு முன்னால் ஒருவர் பெரிய கறுத்த ஆண் நாயோடு நின்றார். ஊசி போடுகிறார்கள் என்று நினைத்து வந்தவர். என்ன செய்வார்கள் என்று யாரோ விளக்கியதும் கயிற்றைச் சுருட்டினார்.

“விசர்க் கதை. இவன் வீட்டைக் காக்கிற நாய். அதை எடுத்தா பிறகு என்னத்தைக் காக்கிறது?”

“ஏன் அண்ணை, அதாலயோ குலைக்கிறது?” என்று பின்னால் நின்ற பெண்ணொருத்தி கேட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நாயை இழுத்துக்கொண்டு போனார். எங்கள் பகுதியில் பிறக்கும் குட்டிகளில் பாதி அந்தக் கறுத்த நாயின் சாடை. அது இப்போதும் வீட்டைக் காத்துக்கொண்டு ஊர் முழுக்கத் திரிகிறது.

எங்கள் முறை வந்தது. மேசையில் இருந்த இளைஞர் நாயின் தலையைத் திருப்பினார். இடது காதைப் பிடித்து விரித்தார். காதின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு துண்டு இல்லை.

“இது செய்து முடிஞ்ச நாய் அம்மா. கொண்டுபோங்கோ.”

எனக்கு விளங்கவில்லை. கருத்தடை செய்த நாய்க்கு அடையாளமாக மயக்கத்திலேயே இடது காதில் அப்படி ஒரு வெட்டு வைப்பார்களாம், மறுபடி பிடித்து வெட்டாமல் இருப்பதற்காக.

“இது செய்யேல்லை. ரெண்டு தரம் குட்டி போட்டிட்டுது. முலையைப் பாருங்கோ.”

“குட்டி போட்ட பிறகு செய்திருப்பினம்.”

“ஆர் செய்தது? இது எங்கட வளவை விட்டுப் போகாத நாய். காதை வேற நாய் கடிச்சிருக்கும்.”

“கடிச்சா இப்பிடி நேராக் கிழியாது அம்மா. இது கத்தரிக்கோல் வெட்டு.”

தம்பி எனக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கயிற்றைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து முகாமின் வைத்தியர் வந்தார். சிங்களப் பெண், வயது முப்பது இருக்கும். நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினார். நாயைப் படுக்க வைத்து வயிற்றில் தழும்பு தேடினார். பழைய தழும்பு மயிருக்குள் தெரியாமலும் போகுமாம்.

“அம்மா, நான் வயிறு திறக்கிறது. உள்ள ஒண்டும் இல்லையெண்டா? சும்மா வெட்டினது. அது பாவம். நான் செய்யமாட்டன்.”

அந்தச் சொல்லை அன்று சரியான இடத்தில் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான். அவர் மீது எனக்குக் கோபமில்லை. பின்னால் நின்ற பெண், “அக்கா ரெண்டாந்தரம் வெட்டக் கொண்டந்திருக்கிறா” என்றாள். நாங்கள் திரும்பினோம்.

வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியபோது தம்பியின் ஆடுகள் மதில் நிழலில் படுத்திருந்தன. ஒரு மறி ஆடு எழுந்து தலையை உதறியது. அதன் இடது காதில் முக்கோணமாக ஒரு துண்டு இல்லை. அடுத்ததைப் பார்த்தேன். அதற்கும் இல்லை.

எங்கள் பக்கம் ஆடுகள் கட்டாமல் திரிபவை. யாருடைய ஆடு என்று தெரிவதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காதுவெட்டு உண்டு. சிலருக்கு வலது காதின் நுனி, சிலருக்கு நடுவில் ஓட்டை. இது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். நானும் அறிந்தது. ஆட்டின் காதைப் பார்க்கும் கண்ணால் நாயின் காதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

“தம்பி, நாய்க்குக் காது வெட்டினது ஆர்?”

அவர் படலையைத் திறந்துகொண்டே சொன்னார். “நான்தான். குட்டியா இருக்கேக்க. நாய் பிடிக்க வாறாங்கள் எண்டு அப்ப ஒரு கதை அடிபட்டது. ஆட்டுக்குட்டியளுக்கு வெட்டேக்க இதுக்கும் வெட்டி விட்டனான். எங்கட வீட்டு நாயெண்டு தெரியவேணுமெல்லே.”

“அங்க மேசையில வச்சு அந்தப் பொடியன் கேட்கேக்க ஏன் சொல்லேல்லை?”

“என்னைக் கேட்கேல்லையே.”

“தம்பி!”

“அக்கா, வாசல்ல பொலிஸ்காரன் நிண்டவன். நாய்க்குக் காது வெட்டினது குற்றமெண்டு எழுதினா? முகாமில வளந்தவனுக்குத் தெரியும். மேசைக்கு அங்கால இருக்கிறவன் கேட்காததை நாங்களாச் சொல்லக் கூடாது. சொன்னா அதுக்கொரு விசாரணை, பிறகு அதுக்கொரு விசாரணை.”

அவர் சொன்னதில் ஒரு வாழ்க்கை இருந்தது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கோபம் இறங்கவில்லை. பயந்தது அவர். விலை கொடுக்கப்போவது அந்தக் கோணல் இடுப்பு.

எல்லாம் கேட்டுக்கொண்டு படலைக்கு வந்த அவருடைய மனைவி அந்த மறியைத் தூக்கினார். ஓட்டோவைக் கூப்பிடச் சொன்னார். நாயும் ஆடும் நாங்கள் இருவருமாக மறுபடி மண்டபத்துக்குப் போனோம். ஆடு வழியெல்லாம் ஓட்டோவின் திரைச்சீலையைச் சப்பியது. வாசலில் நின்றவர்களுக்கு அது நல்ல கூத்து.

“இப்ப ஆட்டுக்கும் செய்யினமோ?”

“பொறு, அடுத்ததாக் கழுதையைக் கொண்டருவினம்.”

வைத்தியர் இரண்டு காதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மண்டபத்து வாசலில் படுத்திருந்த தெரு நாய்களைப் பார்த்தார். அவர் அப்போது என்ன நினைத்தார் என்பது எனக்குப் பிறகுதான் பிடிபட்டது.

“இண்டைக்கு மருந்து முடிஞ்சுது அம்மா. நாளைக்குப் பேசாலையில முகாம். நீங்க வாங்கோ, முதல் நாய் இது. இரவு சாப்பாடு வேண்டாம். காலமை ஒண்டுமே வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து தம்பியிடம் இதை இரண்டு முறை சொன்னேன். அவர் மனைவி மூன்றாம் முறை சொன்னார். “ஓம், ஓம்” என்றார்.

வியாழன் காலை நானும் அவர் மனைவியும் ஓட்டோவில் நாயோடு போனோம். எருக்கலம்பிட்டிச் சந்தியைத் தாண்டியதும் நாய் குனிந்து வாந்தி எடுத்தது. முழுச் சாளை மீன்கள், தலையோடு, அப்போதுதான் விழுங்கியவை. ஓட்டோக்காரர் வண்டியை நிறுத்தினார். தம்பியின் மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டு, “இந்த மனிசன்” என்று மட்டும் சொன்னார்.

பேசாலையில் வைத்தியர் கையை விரித்தார். சாப்பிட்ட நாய்க்கு மயக்கம் கொடுத்தால் வாந்தி சுவாசத்துக்குள் போய்விடும். பின்னேரம் வரை காத்திருக்கிறோம் என்றேன். அவர்கள் மத்தியானத்தோடு சாமான்களைக் கட்டிக்கொண்டு தீவை விட்டுப் பெருநிலத்துக்குப் போகிறவர்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை.

நாங்கள் திரும்பியபோது தம்பி வலையை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்னமே சொன்னார்.

“கரைக்கு வந்து இறங்கின உடனே முதல் மீன் அதுக்குத்தான். எத்தினை வருஷமா. இண்டைக்கு மட்டும் இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? வாலை ஆட்டிக்கொண்டு நிக்குது. வெட்டுப்படப் போறது, பசியோட அனுப்புறதோ? பாவம் அக்கா.”

அன்று நான் அவரோடு பேசிய பேச்சு எழுதத் தக்கதல்ல.

அடுத்த வாரமே நாய்க்குப் பருவம் வந்தது. என் குளியலறைக்குள் அடைத்தேன். கதவின் அடிப்பலகையைப் பிராண்டிப் பெயர்த்துக்கொண்டு வெளியே போய்விட்டது. வெளியே கறுத்த நாய் காத்திருந்தது. வயிறு தெரியத் தொடங்கியபோது வவுனியாவில் ஒரு மிருக வைத்தியரோடு தொலைபேசியில் கதைத்தேன். சினையாக இருந்தாலும் செய்யலாம், பொறுக்காமல் கொண்டுவாருங்கள் என்றார். ஒரு வானும் பேசி வைத்தேன். தம்பி மறுத்தார்.

“வயித்தில இருக்கிறதுகளை அழிக்கிறதோ? அந்தப் பாவத்தை என்னால சுமக்கேலாது.”

“இடுப்புக்குள்ளால வராதெண்டு வைத்தியர் சொன்னதை நீர் கேட்டனீர்தானே?”

“போன முறையும் அப்பிடித்தான் இருந்தது. தப்பினது.”

“போன முறை வைத்தியர் இழுத்தெடுத்தபடியால் தப்பினது.”

“அப்ப இந்த முறையும் இழுக்கட்டும். அக்கா, என்ர நாய். விடுங்கோ.”

என்ர நாய். காதை வெட்டியது அந்த உரிமைக்காக, மீன் கொடுத்தது அந்த உரிமைக்காக, வானைத் திருப்பி அனுப்பியதும் அந்த உரிமைக்காக. உரிமை முழுவதும் அவருக்கு, வலி முழுவதும் அதற்கு. அவர் கொடியவர் என்றால் எனக்கு இந்தக் கோபம் சுலபமாக இருந்திருக்கும். அவர் அந்த நாயில் உயிரையே வைத்திருந்தார். மழைக்கு அது நனையும் என்று தன் பழைய வள்ளத்தைக் கவிழ்த்து அதன் கீழ் சாக்கு விரித்துக் கொடுத்தார். அந்த அன்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இப்போதும் வருகிறது.

கார்த்திகை மழையில், ஒரு ஞாயிறு காலை, நான் பூசை முடிந்து வந்தபோது அவர் நாயை ஈரச் சாக்கோடு தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் ஓடிக்கொண்டிருந்தார். நானும் ஓட்டோவில் ஏறினேன். ஞாயிறு என்பதால் எங்கள் ஊர் மிருக வைத்தியரை வீட்டில் போய்க் கூப்பிட்டோம். அவர் வைத்தியசாலையைத் திறந்து மேசையில் கிடத்தும்போதே நாயின் மூச்சு நின்றுவிட்டது. அவர் ஒரு கணமும் தாமதிக்காமல் வயிற்றைத் திறந்தார். அத்தனை பேரும் பாவம் பாவம் என்று திறக்க விடாத வயிறு. குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி உரஞ்சினார். ஒன்று மட்டும் வாயைத் திறந்தது.

“பெட்டை” என்றார்.

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை ஆற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குட்டியை என் சேலைத் தலைப்பில் சுற்றி வாங்கிக்கொண்டேன். நாயை அவர் தன் மீன்வாடிக்குப் பின்னால் தனியாகவே குழி வெட்டித் தாட்டார். எவரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை.

ஒரு மாதத்துக்குமேல் நான் அவரோடு கதைக்கவில்லை. வேலி ஓட்டைக்கு ஒரு தகரத்தை வைத்து அடைத்தேன். குட்டிக்குப் பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்தது பகலில் நான், மற்ற நேரம் அவர் மனைவி. கைமாறுவது படலையால். அதன் மயிர் அடர்ந்தபோது தாயின் நிறம் என்பது தெரிந்தது.

தை பிறந்ததும் அவர் ஆட்டுக்குட்டிகளுக்குக் காது வெட்டினார். வேலிக்கு மேலால் பார்த்தேன். கத்தரிக்கோல், சாம்பல், மஞ்சள் எல்லாம் ஒரு பலகையில். நாய்க்குட்டி அவருடைய சாரத்தின் கரையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அதைத் தூக்கி இரண்டு காதுகளையும் விரித்துக் காட்டினார். எல்லைக் காவலுக்குக் கடவுச்சீட்டு காட்டுகிறவர் போல.

“வெட்டேல்லை அக்கா. பாருங்கோ. ரெண்டும் முழுசா இருக்கு.”

“வெட்டிப் பாருங்கோவன்” என்றார் உள்ளேயிருந்து அவர் மனைவி. “அதே கத்தரிக்கோலால உங்கட காதில ஒண்டு போடுவன். பிறகு எந்த முகாமிலயும் உங்களைச் சேர்க்கமாட்டினம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

“மீன்?” என்று கேட்டேன்.

அவர் தலை குனிந்தார். “முகாம் வாறண்டைக்குக் கடலுக்குப் போகமாட்டன். போகாட்டி மீன் வராதுதானே.”

அது ஒரு வாக்குறுதி. நாளும் மாதமும் போட்டு எழுதிவைத்திருக்கிறேன்.

பள்ளிமுனையில் இடது காது வெட்டிய நாய்கள் இன்னும் பல திரிகின்றன. ஐஸ் கட்டிக் கடைப் பக்கம் படுத்திருக்கும் வெள்ளைப் பெட்டை ஒன்று, மாதா கெபிக்குப் பக்கத்தில் இன்னொன்று. அன்று அந்த வைத்தியர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தது இப்படிப்பட்டவற்றைத்தான். எது கருத்தடை செய்தது, எது யாரோ ஒருவரின் ஆட்டுக் கணக்கில் சேர்ந்தது என்று காதைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீடு வீடாகக் கேட்டேன். காது வெட்டியதை ஒப்புக்கொள்ள எவரும் தயாரில்லை. கேட்காததை மட்டுமல்ல, கேட்டதையும் சொல்லாமல் இருக்க நாங்கள் நன்றாகப் பழகியிருக்கிறோம்.

குட்டி வளர்கிறது. முதற் பருவம் வருவதற்கு முன் செய்துவிட வேண்டும் என்று ஊர் வைத்தியர் சொல்லியிருக்கிறார். அந்தக் குழு பங்குனிக்குள் மறுபடி பள்ளிமுனைக்கு வரும் என்று கோயிலில் யாரோ கதைத்ததாகத் தம்பியின் மனைவி சொல்கிறார். மிருக வைத்தியர் கந்தோரில் கேட்டேன், தங்களுக்கு அறிவித்தல் வரவில்லை என்றார்கள். அறிவித்தல் சொன்ன ஓட்டோக்காரரிடம் கேட்டேன், அவரையும் இன்னும் எவரும் கூப்பிடவில்லை. குழு வரும் என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படாத செய்தி.